மூன்று மடங்கும் ஐந்து மடங்கும்

"நான் ஊருக்குக் கிளம்புறேன் தாயி," என்றார் மருதையன்.

தோளில் மூட்டை. ஐம்பத்தெட்டு வயதில் கணக்குப் படிக்க வந்த மனிதர். மகள் வயதுள்ள நாச்சியாரைக் குருவாக ஏற்று, நாலு வருடமாக அவர் கணக்குச் சொல்லித்தரும் மடமே கதியென்று கிடந்தவர். போக அவருக்குத் துளியும் மனசில்லை.

"என்ன ஆச்சு ஐயா?"

"நீங்க குடுத்த கணக்குதான். ஒரு எண்ணோட அஞ்சு மடங்கு, அதோட மூணு மடங்கைவிடப் பெருசு. மூணு நாளா முட்டி மோதிட்டேன். ஒண்ணு போட்டாலும் சரியா வருது. ஏழு போட்டாலும் வருது. எந்த எண்ணுன்னு சொல்றது?"

"எந்த எண்ணுன்னு நான் கேட்டேனா?"

மருதையன் தலையைச் சொறிந்தார். கேட்கவில்லைதான்.

"பூச்சியத்துக்கு மேலா, கீழா? அவ்வளவுதான் கேட்டேன்."

மருதையன் முற்றத்துக் கிணற்றைப் பார்த்தார்.

"தரையைப் பூச்சியம்னு வெச்சா, ரெண்டு படி கீழே இருந்தா, மூணு மடங்குக்கு ஆறாம் படி. அஞ்சு மடங்குக்குப் பத்தாம் படி. இன்னும் கீழேதான் போகும். தரையிலேயே நின்னா எத்தனை மடங்கும் தரைதான். அப்போ..." முகம் மலர்ந்தது. "மேலே!"

மலர்ந்த வேகத்தில் வாடியும் போனது.

"இதுக்கே எனக்கு மூணு நாள். பாரமா இருக்கிறவங்க தாங்களாவே போயிடணும்கிறது இந்த மடத்து வழக்கம். நான் எவ்வளவு தேறுவேன், நீங்களே சொல்லுங்க."

"எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது," என்றார் நாச்சியார். "ஆடி மாசம் வாரத்துக்கு எத்தனை நாள் சமைச்சீங்க?"

"மூணு."

"இப்போ?"

"அஞ்சு. மத்தவங்கதான் கேட்டாங்க."

"எந்த மாசம் பந்தி நல்லா இருக்கு?"

"இதென்ன கேள்வி தாயி? அப்போ பாதி நாள் சோறு மிஞ்சும். இப்போ சட்டியை வழிச்சு..."

மூன்றைவிட ஐந்து பெரிது என்று அப்போதுதான் உறைத்தது. கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

விறுவிறுவென்று அடுப்படிப் பக்கம் நடந்தார்.

"ஐயா, மூட்டையை இறக்கி வெச்சிட்டுப் போங்க."

"அகப்பை இதுக்குள்ளதான் இருக்கு தாயி."