சாத்திய வீட்டில் செம்மண்

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டை ஒட்டிய அந்த ஓட்டு வீட்டில் உலகம்மை இருந்தாள். வயது நாற்பதுக்கு மேல் இராது. அவளைவிட மூத்தவர்களும் ‘அம்மை’ என்று அழைத்து, மனக்குழப்பங்களுக்கு வழி கேட்டுவிட்டுப் போவார்கள். போகாமல் தங்கிவிட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, சமையலைப் பார்த்துக்கொண்ட பேச்சி. மற்றவர், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற சிவனணைஞ்சான்.

அந்த வருடம் ஆடிக்காற்று தேரியையே தூக்கி வந்து வீட்டுக்குள் போட்டது. சோற்றில் செம்மண், குடிக்கும் தண்ணீரில் செம்மண். உலகம்மைக்கு இளைப்பு கண்டது. கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடினாள்.

ஏட்டையா பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கதவையும் ஜன்னல்களையும் சாத்தினார். இடுக்குகளில் பழந்துணியைத் திணித்தார். விடிந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, வாரியலை எடுத்து ஓங்கி ஓங்கிக் கூட்டினார். முறம் முறமாக மண் வெளியே போயிற்று.

மத்தியானம் கட்டில் சட்டத்தில் விரலை வைத்து இழுத்தால் விரல் சிவந்தது.

காற்று ஓய்ந்த பிறகும் அப்படித்தான். ஓய்ந்த மாதிரி நடிக்கிறது என்று சொல்லி அவர் ஜன்னலைத் திறக்க விடவில்லை.

வெளியிலிருந்து மண் வர வழியில்லை. அப்படியானால் உள்ளேயிருந்து யாரோ வழி விடுகிறார்கள். வீட்டில் மூன்று பேர். அம்மையைக் கழித்தார். தன்னைக் கழித்தார்.

அன்றிலிருந்து பேச்சியின் பாதங்களைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் போனால் தொண்டையைச் செருமினார். ஒருநாள் காலை, கூட்டி முடித்த கையோடு அடுப்புக்குப் பின்னால் தேடினார். ஒரு துணி அகப்பட்டது. ஈரம். பிழிந்தால் சிவப்பு.

அதைக் கொண்டுவந்து உலகம்மையின் முன்னால் போட்டார்.

“இது என்னன்னு கேளுங்க அம்மை.”

“துணி.”

“ஒளிச்சு வச்சிருக்கா.”

பேச்சி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். “கட்டிலுக்கு அடியில துடைச்சேன் அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல.”

“துடைக்கவ எதுக்கு ஒளிக்கணும்?”

“நீங்க கூட்டுன எடத்தை நான் தொட்டாலே ஏசுவியளே.”

“ஜன்னலைத் திறக்கணும்னு கேட்டது யாரு?”

“நாந்தான். காத்துதான் நின்னு போச்சே. அம்மைக்கு மூச்சு முட்டுது.”

“பாத்தியளா அம்மை? ஒப்புக்கிட்டா.”

“எதை ஒப்புக்கிட்டேன்? ஸ்டேஷன்லயும் இப்படித்தான் கேஸ் முடிப்பியளோ?”

உலகம்மை சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நெடுநேரம் நிற்கவில்லை. இருவரும் தலைகுனிந்து நின்றார்கள்.

“என்ன செய்யணுங்கிய, ஏட்டையா?”

“இங்கே மண்ணை விடுத ஆளு இந்த வீட்டுல இருக்கக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள போயிரணும். இல்லன்னா உங்க உசுரு தங்காது.”

பேச்சிக்குப் போக வேறு இடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

“சரி. ஆளை எப்படிக் கண்டுபிடிப்பிய?”

அதை அவர் யோசித்து வைத்திருந்தார். “மண்ணோட புழங்குத ஆளு மூஞ்சியில மண்ணு இருக்கும். புருவத்துல, காதுமடல்ல. நனைச்ச வெள்ளைத் துண்டால துடைச்சாத் தெரிஞ்சு போகும்.”

உலகம்மை தன் துண்டையே நனைத்துவரச் சொன்னாள். பேச்சி முகத்தை அழுத்தித் துடைத்துக் காட்டினாள். அடுப்புக்கரி கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“கழுவியிருப்பா,” என்றார் ஏட்டையா.

“இருக்கும். இப்ப நீங்க துடைங்க.”

“நானா?”

“வழக்குன்னா எல்லாரும்தான்.”

துண்டின் மறுபுறத்தால் அவர் வேண்டாவெறுப்பாகத் துடைத்தார். எடுத்துப் பார்த்தார். செங்கல்லைத் தேய்த்த மாதிரி இருந்தது.

“விடியத்தானே குளிச்சேன்! அதுக்கப்புறம் தேரிப் பக்கமே போகலியே!”

“குளிச்சிட்டு என்ன செஞ்சிய?”

“கூட்டினேன்.”

“கூட்டுன மண்ணு எங்கே போச்சு?”

“முறத்துக்கு.”

“எல்லாமா?”

ஏட்டையா அண்ணாந்து பார்த்தார். கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. காலையில் அவர் கிளப்பிய மண் அதில் இன்னும் கீழே வந்து சேரவில்லை. அவசரமில்லாமல் அம்மையின் கட்டில்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் மூலையில் கிடந்த தன் வேட்டியையும் பனியனையும் பையில் திணித்தார். வாரியலைத் தாண்டிப் போய் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போங்க,” என்றாள் பேச்சி.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“எங்கே கிளம்பிட்டிய?” என்றாள் உலகம்மை.

“நான் சொன்ன தீர்ப்புதானே அம்மை. மண்ணை விட்ட ஆளு போகணும்.”

உலகம்மை மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள்.

“வாசல் வழியா நீங்க போயிட்டா, மண்ணு எந்த வழியாப் போகும்? ஜன்னலைத் திறங்க, ஏட்டையா.”