பொரிக்குப் போன சூடை மீன்

கடல் நடுவே ஒரு குட்டித் தீவு. ஆறு தென்னை, ஒரு சப்பட்டைப் பாறை, மீதி எல்லாம் மணல். அங்கே ஆலாக்களும் கொக்குகளும் கூழைக்கடாக்களுமாகப் பறவைகள் குடியிருந்தன. தலைவர் ஒரு கூழைக்கடா. அலகுக்குக் கீழே அத்தனை பெரிய பை தொங்கியதால் எல்லோரும் அவரைப் பையண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.

அந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் கடலிலேயே வயிறு முட்டத் தின்றுவிடுவார்கள். கரைக்குக் கொண்டுவரும் மீன் முழுக்கக் குஞ்சுகளுக்கு. சூடையும் நெத்திலியும் பாறைமேல் குவியும். குஞ்சுகள் முண்டியடித்துத் தின்னும். ஏனென்றால் ஐப்பசியில் பெருங்காற்று வரும், அலை தீவையே மூடிவிடும். அதற்குள் குஞ்சுகளுக்கு றெக்கை முற்ற வேண்டும். பக்கத்து மேட்டுத் தீவுக்குப் பறந்தால்தான் உயிர் தப்பும்.

நல்ல ஏற்பாடுதானே? அதை அப்படியே விட்டுவைக்க வேண்டியதுதானே? விடவில்லையே!

ஒருநாள் அக்கரையிலிருந்து சீமையான் என்ற கடற்புறா வந்தது. கூட நாலு கடற்புறாக்கள் ஒரு பலகையை இழுத்துவந்தன. பலகைமேல் பொரி மூட்டை!

"தலைவரே, ஒரு வாய் போட்டுப் பாருங்க!" என்றது சீமையான்.

பையண்ணன் மென்றார். "ஆகா! என்ன மொறுமொறுப்பு!"

"அக்கரையில பெரிய இடத்துப் பிள்ளைங்க எல்லாம் இதுதான் சாப்பிடுது. உங்க பிள்ளைங்க இன்னுமா கவிச்சி நாத்தத்தோட மீனைத் தின்னுதுங்க? ஐயோ பாவம்!"

பையண்ணனுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே பேச்சு முடிந்தது. பாறைமேல் குவியும் மீன் இனிச் சீமையானுக்கு. பதிலுக்குக் குஞ்சுகளுக்குப் பொரி!

பாறை இடுக்கில் கோணையன் என்ற நண்டு இருந்தது. அதற்கு வாய் சும்மா இருக்காது. இருக்கவும் கூடாது, இந்தக் கூத்தைப் பார்த்தால்!

"தலைவரே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? பொரியைத் தின்னா றெக்கை எங்கேயிருந்து முளைக்கும்?"

"ஓய் கோணையா! முதல்ல நீ நேரா நடக்கப் பழகு. அப்புறம் எனக்கு யோசனை சொல்லலாம்!"

எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சிரிக்கத்தானே தெரியும்!

இரண்டு மாதம் போயிற்று. குஞ்சுகளுக்கு வயிறு பானை மாதிரி உப்பியது. றெக்கையோ காய்ந்த ஈர்க்குச்சி. சிப்பி என்ற ஆலாவுக்கு ஒரே குஞ்சு, பெயர் குட்டான். அதைப் பாறை விளிம்புக்குக் கூட்டிப்போய், "பறடா கண்ணு!" என்றாள். குட்டான் இரண்டு தரம் படபடத்துவிட்டுத் தொப்பென்று மணலில் விழுந்தான். காற்று வர இருபதே நாள்தான் பாக்கி!

சிப்பி அலறிக்கொண்டு பையண்ணனிடம் ஓடினாள். "அண்ணே, என் பிள்ளை விழுந்துட்டான்! உங்க மகன் தும்பனும் இன்னும் எழும்பலையே!"

பையண்ணனும் கலங்கித்தான் போனார். கலங்கி என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் மீன் போடச் சொன்னாரா? அதுதான் இல்லை! சீமையானையே கூப்பிட்டு மருந்து கேட்டார்!

"ஓ, இருக்கே!" என்றது சீமையான். மறுநாளே மினுமினுக்கும் பொட்டலங்களோடு வந்தது. "சத்துமாவு! ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை. ஆனா இதுக்கு மீன் இரண்டு பங்கு ஆகும்!"

கோணையன் கொடுக்கால் ஒரு பொட்டலத்தைக் கிழித்து முகர்ந்து பார்த்தது. அவ்வளவுதான், குதிகுதியென்று குதித்தது.

"அடப்பாவிகளா! இது நம்ம சூடை மீனைக் காயவச்சு இடிச்ச பொடி! அதுலயும் முக்கால்வாசி தவிடு!"

சீமையான் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "மீன் உங்களோடதுதான். காயவச்சது யாரு? இடிச்சது யாரு? நாங்கதானே!"

"கேட்டீங்களா தலைவரே!" என்று கத்தியது நண்டு.

"கேட்டேன், கேட்டேன்," என்றார் பையண்ணன், பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "இருந்தாலும் என்ன அழகாக் கட்டியிருக்கான் பாரு!"

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எங்கே போய் முட்டிக்கொள்ள?

சிப்பிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. சீமையானின் பலகைமேல் தாவி, ஏற்றிவைத்திருந்த குவியலிலிருந்து ஒரு சூடையைக் கவ்விக்கொண்டு வந்து குட்டானிடம் போட்டாள்.

"சீ, நாத்தம்! எனக்குப் பொரிதான் வேணும்!" என்று குட்டான் மூஞ்சியைத் திருப்பினான்.

"நாத்தமா? உங்கப்பன் பாட்டன் எல்லாம் இதைத் தின்னுதான்டா கடலைத் தாண்டினாங்க. முழுங்குடா!" என்று தொண்டையில் திணித்தாள். திணித்துவிட்டு அவளே அழுதாள்.

அதைப் பார்த்த மற்றத் தாய்மாரும் பலகையைக் காலி செய்தார்கள். சீமையான் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. அன்று முதல் வேளைக்கு வேளை மீன்தான்.

பையண்ணன் மட்டும் அசையவில்லை. "ஊரறியச் சொன்ன வார்த்தை. தலைவன் நானே மாறினா எவன் மதிப்பான்?" என்றார். தும்பனுக்கு மிச்சமிருந்த பொரியும் ஒரு சிட்டிகை மாவும்தான். தினமும் கடலில் வயிறாரத் தின்றுவிட்டு வந்து, பெற்ற மகனுக்குத் தவிட்டை ஊட்டினார்!

"மதிப்பு கிடக்கட்டும், ஒரு மீனைக் கொடுங்க தலைவரே! ஒரே ஒரு மீன்!" என்று கோணையன் தொண்டை வற்றக் கத்தியது. அவர் காதில் ஏறினால்தானே!

இருபதாம் நாள் காற்று வந்தது. குஞ்சுகள் தட்டுத்தடுமாறிக் கிளம்பின. குட்டான் நாலு தரம் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பி, எப்படியோ மேட்டுத் தீவில் போய் விழுந்தான். சிப்பிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"தும்பா, பற! பறடா!" என்று பையண்ணன் கெஞ்சினார்.

"முடியலப்பா. றெக்கை தூக்க மாட்டேங்குது," என்றான் தும்பன்.

பையண்ணன் போகவில்லை. பாறைமேல் மகனைத் தன் றெக்கைக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அலை ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது.

மூன்றாம் நாள் கடல் இறங்கியது. கோணையன் வளையை விட்டு வெளியே வந்தது. கேட்க வேண்டியதை எல்லாம் நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தது. பாறைமேல் பையண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். றெக்கை இன்னும் எதையோ அணைத்த மாதிரியே மடங்கியிருந்தது.

கோணையன் ஒன்றும் கேட்காமல் வளைக்குள் திரும்பிப் போயிற்று.

பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டியதைக் கொடுத்துப் பெருமை வாங்குகிறவனுக்குக் கடைசியில் பிள்ளையும் மிஞ்சாது, பெருமையும் மிஞ்சாது.