ஓட்டை வட்டிலும் ஒரு முழப் பட்டமும்

முன்னே ஒரு காலத்தில் செம்பனூர்ப் பட்டணத்தைச் சண்டமாருத பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பெயருக்கேற்ற மனுஷன். காலையில் ஒரு காற்று, மாலையில் ஒரு காற்று. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர், "நகர சபையில் அதிகாரிகளே பேசி, அதிகாரிகளே தலையாட்டிக்கொள்கிறார்கள். இனிமேல் ஊர்ஜனங்களும் வந்து பேசட்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டு மோரை ஊற்றச் சொன்னார்.

சபை அதிகாரி அம்பலவாணருக்குச் சோறு இறங்கவில்லை. தான் இழுத்த இழுப்புக்கு வந்த சபையில் கண்டவனும் வந்து வாய் திறப்பதா? ஆனால் அவர் பழுத்த ஆள். மறுநாளே ராஜா முன் நின்று, தேனில் நனைத்த குரலில் சொன்னார்:

"பிரபோ, ஜனங்கள் பேசட்டும். ஆனால் முதலில் தங்கள் விருதுப் பட்டங்களை முழுக்கச் சொல்லித்தானே ஆரம்பிக்க வேண்டும்? அதுதானே மரியாதை? விருது சொல்லும்போது நடுவில் எவன் குறுக்கிட்டாலும், அவன் யாராயிருந்தாலும் பதவி போய்விட வேண்டும். அப்புறம், ஆளுக்கு ஒரு வட்டில் நேரம்."

விருது என்றதும் ராஜா குளிர்ந்துபோனார். "அப்படியே ஆகட்டும்."

வட்டில் என்றால் அடியில் துளை போட்ட செப்புக் கிண்ணம். பேசுகிறவர் வாய் திறந்ததும் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். நிரம்பி முங்கினால் சேகண்டி அடிப்பார்கள், பேச்சு முடிந்தது. அம்பலவாணர் அந்தத் துளையைச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

சாயக்காரத் தெருவின் காத்தாயிக்கு அந்தத் துளையைப் பற்றித் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: தெருவுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் மடையை யாரோ பலகை போட்டு அடைத்துவிட்டார்கள். ஓடுகிற தண்ணீரில் அலசாவிட்டால் சாயம் துணியில் திட்டுத்திட்டாக நிற்கும். தெருவே கைகட்டி உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு, அடுத்த சபையில் அந்த மடையைச் சுவர் வைத்தே மூடிவிடப் போகிறார்கள் என்று பேச்சு.

அவள் தெருக்காரர் சொக்கன் முந்தின சபையில் பெயர் கொடுத்துப் பேசப் போனார். அவர் பேசுவதையும் வட்டில் மளமளவென்று நிரம்புவதையும் காத்தாயி கூட்டத்தோடு நின்று பார்த்தாள். "சூரியகுலச் சிங்கம், சப்த சமுத்திர தீரர், பகைவர் குடல் நடுக்கும் பராக்கிரமர்..." என்று மூச்சு வாங்க விருதுகளை முடித்து, "எங்க வாய்க்கா..." என்றார் சொக்கன். டணார். சேகண்டி. காவலர்கள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

"ஜனங்களுக்கு ஒரு குறையுமில்லை பிரபோ. தங்களைப் புகழத்தான் வருகிறார்கள்" என்றார் அம்பலவாணர்.

வீட்டுக்கு வந்ததும் காத்தாயி அதே குரலில், அதே மூக்கால், "ஒரு குறையுமில்லை பிரபோ" என்று சொல்லிக் காட்டினாள். தெரு சிரித்தது, சொக்கன் மட்டும் சிரிக்கவில்லை.

"உனக்கு விளையாட்டா இருக்கு. நீ போனாலும் அதே கதிதான்."

"பேச்சை நிறுத்தத்தானே அண்ணே சேகண்டி இருக்கு? விருதை நிறுத்த யாருக்கு அதிகாரம் இருக்கு?"

மறுநாளே சொக்கன் போய் அவள் பெயரைச் சபையில் கொடுத்துவிட்டு வந்தார்.

சபை நாள் வந்தது. நீலம் ஏறிய கைகளைக் கூப்பிக்கொண்டு காத்தாயி நின்றாள். வட்டில் மிதந்தது. கட்டியக்காரனே அசந்துபோகும் குரலில் எடுத்தாள்:

"சூரியகுலச் சிங்கம்! சப்த சமுத்திர தீரர்! பகைவர் குடல் நடுக்கும் பராக்கிரமர்!"

ராஜா மீசையைத் தடவினார். பழைய விருதுகள் தீரும் நேரம், வட்டில் கழுத்தளவு முங்கியிருந்தது. காத்தாயி மூச்சு விடவில்லை.

"சாயக்காரத் தெரு வாய்க்கால் வறண்டு கிடந்தும் வாடாத திருமுகத்தார்!"

புது விருது. ராஜா தலையாட்டினார். வட்டில் முங்கியது. சேகண்டிக்காரன் கோலை ஓங்கி, பதவி ஞாபகம் வந்து, அந்தரத்திலேயே நிறுத்தினான்.

"மடையை அடைத்தது யாரென்று இதுவரை கேட்டறியாத பெருந்தன்மையார்! எங்கள் தண்ணீரில் அம்பலவாணர் வாழைத்தோட்டம் குலை தள்ளக் கண்டும் காணாத கருணையார்!"

ராஜாவின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். பக்கத்திலிருந்த மந்திரி நல்லதம்பி அவர் அங்கவஸ்திரத்தை மெல்லப் பிடித்து இழுத்தார். "உட்காரும் ஓய். விருது நடக்கிறது. பதவி போய்விடும். நீர் போட்ட சட்டம்தான்."

"மகாராணியார் கேட்ட நீலப்பட்டு அலசத் தண்ணீரில்லாமல் தொட்டியில் ஊறக் கிடக்கும் பட்டணத்துக்குப் பதியானவர்! இன்று அந்த மடைக்குச் சுவர் வைக்க முத்திரை குத்தப்போகும் பொற்கரத்தார்!"

ராஜா கையிலிருந்த முத்திரை மோதிரத்தைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். "ஏனய்யா, நானாவது குறுக்கே பேசலாமா?"

"விருது தங்களுடையது பிரபோ. தாங்கள் பேசலாம்."

"பெண்ணே, போதும். இன்னும் எவ்வளவு பாக்கி?"

"பாதிகூட ஆகலைங்க. கிழக்கு வாசல் தெருவுல விளக்கெரியாத சங்கதியும் விருதுலதான் வருது."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "மடையை இன்றே திறந்துவிடுங்கள். இனி இந்தச் சபையில் எனக்கு விருது வேண்டாம். பெயரைச் சொல், தெருவைச் சொல், குறையைச் சொல், போதும். உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எங்களுக்குச் சின்னத் துளை போட்ட வட்டில் வையுங்க சாமி. இந்த வட்டிலை எறிய வேண்டாம். அதிகாரிங்க எங்களுக்குப் பதில் சொல்றப்ப மிதக்க விடலாம்."

"பேஷ்" என்றார் ராஜா. "இப்போதே விடுவோம். அம்பலவாணரே, மடையை ஏன் அடைத்தீர்? சொல்லும்."

அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். "அதாகப்பட்டது பிரபோ, இந்த விஷயத்தை ஆதியோடந்தமாக ஆராய்ந்து பார்க்குமிடத்து..."

டணார்.