முன்கதவைத் தின்றது யார்?

இது ஒரு வழக்கு. கேட்டு முடித்தபின் நியாயம் சொல்லவேண்டியது நீங்கள். அவசரப்பட வேண்டாம். அவசரப்பட்டவர்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறது இந்தக் கதை.

திருச்செந்தூருக்குத் தெற்கே, அலைச்சத்தம் அடுப்படிவரை கேட்கும் ஓர் ஊர். அங்கே சலேத்தம்மாள் வீடு கட்டியபோது, மரக்கதவு உப்புக்காற்றில் ஊதிப்போகும், இரும்பு துருவேறிப்போகும் என்று சொல்லி அலுமினியக் கதவுக்கு அவளைச் சம்மதிக்க வைத்தவன் அவள் தம்பி தஸ்நேவிஸ். கதவு மாட்டுவதுதான் அவன் தொழில். தெருவைப் பார்க்க ஒன்று, கடலைப் பார்க்க ஒன்று. இரண்டையும் ஒரே தகட்டில் செய்தான். துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு போட்டான். சட்டம் சிமெண்ட் சுவரில் நேராகப் படாதபடி நடுவில் ரப்பர் கொடுத்தான்.

"அக்கா, உப்பு படிய விட்டுறாதே. வாராவாரம் நல்ல தண்ணி விட்டுத் துடைச்சிரு" என்றான். அவளும் இரண்டு கதவையும் துடைத்துத்தான் வந்தாள். அதில் அவளைக் குறை சொல்ல வழியில்லை.

முன்கதவில் ஒரு பித்தளைச் சிலுவை. கப்பலில் வேலை பார்த்த அவள் கணவர் கடைசிப் பயணத்தில் வாங்கி வந்தது. அவர் போனபிறகு அவளுக்கு அதுதான் அவர். சாமியாரிடம் மந்திரித்து வாங்கிய சிலுவையைத் தஸ்நேவிஸ்தான் கதவில் பொருத்தினான். அடியில் கறுப்பு ரப்பர் ஒன்றை வைத்துத் திருகினான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே? ம்ஹூம். டீயைக் குடித்தான், போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் சலேத்தம்மாள் கிட்டே வந்து பார்த்தாள். சிலுவையைச் சுற்றிக் கறுப்பு எட்டிப் பார்த்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆண்டவருக்கு அடியில செருப்பு ரப்பரா?" என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சிலுவையைக் கதவோடு ஒட்டித் தானே திருகினாள். அதன்பின் சனிக்கிழமைதோறும், கதவைத் துடைத்து முடித்த கையோடு, புளியும் உப்பும் வைத்துச் சிலுவையைத் தேய்ப்பாள். கழற்றமாட்டாள், இருந்த இடத்திலேயே தேய்ப்பாள். ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களுக்குக் கண் கூசும்.

இப்படியே சில வருஷம் போயிற்று. மகள் ரொசாலிக்கு நிச்சயம் நடந்த அன்று வந்தது வினை. மாப்பிள்ளையின் தாயார் வாசலில் நின்று, பக்தியோடு சிலுவையைப் பிடித்து முத்தமிட்டாள். சிலுவை கையோடு வந்துவிட்டது. கூடவே அந்த இடத்துக் கதவும் வெள்ளை மாவாக உதிர்ந்தது. "இதென்ன சகுனம்!" என்று அந்த அம்மாள் முகம் வெளுத்து நின்றாள்.

சலேத்தம்மாள் கொதித்துப்போனாள். எல்லார் முன்னாலும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கடலைப் பாத்து நிக்க கதவு கல்லு மாதிரி இருக்கு. ஊரு பாக்க கதவுக்குப் போயி மட்டத் தகட்டைப் போட்டிருக்கியேலே! கூடப் பிறந்தவளையே ஏமாத்துவியா?"

"ரெண்டும் ஒரே தகடுக்கா!" அவனுக்கும் ரோஷம் வந்தது. சிலுவையை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கு அடியில ரப்பர் வச்சேனே, அது எங்கே?"

"என் மானம் வாசல்ல கொட்டிக் கிடக்கு, இவன் ரப்பரைத் தேடுதான்! கல்யாணத்துக்கு இந்த வாசல்ல கால் வைக்காதே, போ!"

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ரொசாலி அழுதாள். "அப்பாதான் இல்லை. மாமா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நான் கோயிலுக்கு வரமாட்டேம்மா."

ஊர் சும்மா இருக்குமா? தம்பி தகட்டில் கைவைத்துவிட்டான் என்றார்கள் சிலர். உப்புக்காற்று யாரை விட்டது என்றார்கள் சிலர். அப்படியானால் அந்தக் காற்றை நேருக்கு நேர் வாங்கும் பின்கதவு எப்படித் தப்பியது? இத்தனைக்கும் முன்கதவில்கூடச் சிலுவை இருந்த இடமும், அங்கிருந்து கீழே கோடு கோடாக வழிந்த தடமும்தான் அரித்திருந்தன. மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருந்தது.

இப்போது சொல்லுங்கள். முன்கதவைத் தின்றது யார்? தஸ்நேவிசை வாசலுக்கு வெளியே நிறுத்தியது எந்த ஊர் நியாயம்?

விடை: பித்தளையும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் அரித்துப்போவது அலுமினியம்தான். இரண்டும் தொடாமல் இருக்கத்தான் அந்த ரப்பர். அதைப் பிடுங்கியது சலேத்தம்மாள். போதாததற்குப் புளியையும் உப்பையும் ஊட்டி அரிப்பை வளர்த்ததும் அவளேதான். தம்பி ஏமாற்றவில்லை, ஆனால் வாயைத் திறக்காமல் போனது அவன் தப்பு. அடுத்த சனிக்கிழமை, கழன்ற சிலுவையை மடியில் வைத்துத் தேய்த்தபோது, புளித்தண்ணீர் கோடு கோடாகச் சேலையில் வழிவதைப் பார்த்து அவள் கை நின்றுபோயிற்று. கதவிலும் அதே கோடுகள்! தம்பி அன்று தேடிய ரப்பரும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிலுவையோடு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். தன்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவன்மேலேயே கொட்டினாள். "ஏலே, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? ரப்பர் எதுக்குன்னு அன்னைக்கே சொல்ல உனக்கென்ன கேடு?" அழுதுகொண்டேதான் கத்தினாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கல்யாணத்துக்கு முந்தி புதுக்கதவை மாட்டிரு. ரப்பரை நான் வைக்கேன்."