ஆமை பெஞ்சும் கதவு சாத்தின யானையும்

ஒரு ஊர்ல ஒரு பெஞ்சு இருந்துச்சு. ஆமா, பெஞ்சுதான். சிரிக்காம "ம்" சொல்லு, அப்பத்தான் கதை நகரும்.

ம்.

கடலுக்குப் பக்கத்துல, பனங்காட்டுக்கு நடுவுல அந்த ஊரு. அங்க ஒரு பள்ளிக்கூடம். நாலாப்பு ரூம்ல கடைசியா, செவத்த ஒட்டி, ஒரு கால் கட்டையா, உக்காந்தா டொக்கு டொக்குன்னு ஆடுற பெஞ்சு. அதுக்குப் பேரு ஆமை பெஞ்சு. வருஷா வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துல வாசிப்பு நாள்னு ஒன்னு வரும். ஜன்னலுக்கு வெளிய வேப்பமரத்துல தண்டவாளத் துண்டு தொங்கும், அதான் மணி. பெரிய சார் கோயில்பிள்ளை சுத்தியலைப் பிடிச்சுக்கிட்டு அதுக்குக் கீழ நிப்பாரு. டங்குன்னு ஒரு தட்டு தட்டுனா பிள்ளை எந்திரிச்சு வாசிக்கணும். மறு தட்டுக்குள்ள பக்கத்தை முடிக்கணும். முடிக்கலையா, ஆமை பெஞ்சு. அதுல உக்காந்த பிள்ளைங்க கொஞ்ச நாள் டொக்கு டொக்குன்னு ஆடிக்கிட்டு இருக்கும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே வராது.

அந்த நாலாப்புல இசக்கின்னு ஒரு பிள்ளை. வாயைத் திறந்தா கலகலன்னு பேசுவா. கணக்கை மனசுலயே போட்டுருவா. புஸ்தகத்தைத் திறந்தா மட்டும் வேற கதை. நேத்து பழகின எழுத்து இன்னைக்கு அசலூர்க்காரன் மாதிரி முழிக்கும். ஒன்னொன்னா கூட்டிக்கிட்டு வார்த்தையோட கடைசிக்கு வர்றதுக்குள்ள முன்னாடி உள்ளது நழுவிரும்.

அவ அம்மா ஆடு மேய்க்கிறவ. அந்த அம்மாவும் சின்னதுல அதே பெஞ்சுல உக்காந்தவதான். "நான் பட்ட சிரிப்பு போதும். உன்னைய அதுல உக்கார வெச்சா மறுநாளே ஆட்டுக் கயித்தைப் பிடிச்சிருட்டி"ன்னு சொல்லிட்டா. இசக்கிக்கு ஆடுன்னா பிரியந்தான். ஆனா பள்ளிக்கூடம் இன்னும் பிரியம்.

அப்போ என்ன பண்ணா? பக்கத்து வீட்டுக் கனகுகூடத்தானே நடந்து வருவா. வழி நெடுக கனகு பாடத்தைச் சத்தமா வாசிப்பா. இசக்கி காதுல வாங்கிக்குவா, ஒரு தடவை கேட்டாப் போதும். வகுப்புல புஸ்தகத்தை விரிச்சு, விரலை ஓட்டிக்கிட்டே கடகடன்னு சொல்லிருவா. அப்படியே நாலாப்பு வரைக்கும் வந்துட்டா. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் தங்கபுஷ்பம்னு புது டீச்சர் வந்தாங்க. ஒருநாள் இசக்கி நரிப் பாடத்தை வாசிச்சுக்கிட்டு இருக்கா. உஸ்ஸ்னு கடக்காத்து வந்துச்சு. படபட படபடன்னு பக்கமெல்லாம் புரண்டு மழைப் பாடத்துல போய் நின்னுச்சு. இவ கவனிக்கல. மழைப் படத்து மேல விரலை ஓட்டிக்கிட்டே நரியைக் கிணத்துல இறக்கிட்டா.

"டீச்சர், கள்ள வாசிப்பு"ன்னான் ஒருத்தன். வகுப்பே சிரிச்சுது. டீச்சர் சிரிக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. "உக்காரும்மா"ன்னாங்க. இசக்கிக்கு அதுதான் ரொம்பப் பயமாப் போச்சு.

டீச்சர் முதல்ல கண்ணுல குறையோன்னு நினைச்சாங்க. வெளிய கூட்டிட்டுப் போய், அந்தப் பனை உச்சியில என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. காக்கான்னா இசக்கி. அது வாயில மீன் தலை இருக்குன்னும் சொன்னா. டீச்சர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தும் அவங்களுக்குக் காக்காவே தெரியல.

அப்புறம் பழக்கம் பத்தலையோன்னு நினைச்சு, பாத்து எழுத விட்டாங்க. எழுதி எழுதி விரல் வீங்கினதுதான் மிச்சம், எழுத்து நிக்கல. டீச்சரே வீங்கின விரலுக்கு எண்ணெய் தடவி, "இது உன் தப்பில்ல, என் தப்பு"ன்னாங்க.

அப்புறம் யாரும் கேக்காத ஒரு பாடத்தைத் தானே வாசிச்சுக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. இசக்கி ஒரு சொல் விடாம சொல்லிட்டு, அந்த வியாபாரி ஏன் கழுதையைக் கேக்காமலே விலை பேசுனாருன்னு ஒரு கேள்வியும் கேட்டா. டீச்சருக்கு ஒன்னு புரிஞ்சு போச்சு, இது சோம்பேறியும் இல்ல, மக்கும் இல்லன்னு.

அப்போ அவளையும் அம்மாவையும் பஸ் ஏத்தி டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு டாக்டரம்மா விளையாட்டுக் காட்டுற மாதிரி நிறைய கேட்டுட்டு, இதுக்கு டிஸ்லெக்சியான்னு பேரு, நோய் இல்ல, எழுத்தைச் சத்தத்தோட சேக்குறதுக்கு இந்தப் பிள்ளைக்குக் கூட நேரம் ஆகும், வேற மாதிரி சொல்லிக் குடுக்கணும்னாங்க. அம்மா தரையைப் பாத்துக்கிட்டே, "பெத்தவளுக்கும் இருக்குமோ?"ன்னு கேட்டா. இருக்கலாம்னாங்க.

அன்னையிலருந்து டீச்சர் தாம்பாளத்துல கடல் மணலைப் பரப்பி, ஒவ்வொரு எழுத்தா வாயால சத்தம் சொல்லிக்கிட்டே விரலால எழுத வெச்சாங்க. சர்ர்ர், சர்ர்ர். ஒரு அட்டையில ஜன்னல் மாதிரி வெட்டி, ஒரு வரி மட்டும் தெரியுறாப்புல புஸ்தகத்து மேல வெச்சாங்க. மெதுவா, மெதுவா எழுத்து நிக்க ஆரம்பிச்சுது. வேகம் மட்டும் வரல.

டீச்சர் பெரிய சார்கிட்ட, இவளுக்கு மட்டும் மணி வேண்டாம்னு கேட்டாங்க. ஒரே வகுப்புல ரெண்டு மணியான்னு அவர் கேட்டாரு. "கண்ணாடி போட்ட பிள்ளைய அதைக் கழட்டிட்டு வாசின்னு சொல்லுவோமா சார்?"ன்னாங்க டீச்சர். அவரு தன் கண்ணாடியை ஒருதரம் தொட்டுப் பாத்தாரு.

ம்.

வாசிப்பு நாள் வந்துச்சு. யாரும் பாக்காத புஸ்தகம் ஒன்னு, எல்லாருக்கும் ஒரே பக்கம். டங், ஒரு பிள்ளை வாசிச்சுது. டங், இன்னொன்னு. டங், கனகு. வேலிக்கு வெளிய இசக்கியோட அம்மா ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இசக்கி முறை வந்தப்போ அந்தப் பக்கம் முழுசும் அவ காதுல ஏறிக் கிடந்துச்சு. விரலை ஓட்டிக்கிட்டே கடகடன்னு சொன்னா போதும், தப்பிச்சுருவா. யாருக்கும் தெரியாது. சொல்லவும் வாயைத் திறந்துட்டா. கையில அந்த ஜன்னல் அட்டை இருந்துச்சு. அதைப் பாத்தா.

"டீச்சர், எனக்கு வேற பக்கம் வேணும்"ன்னா. "இது காதுல ஏறிருச்சு."

டீச்சர் முகம் வெளுத்துப் போச்சு. பக்கத்தைத் திருப்பினாங்க. டங்.

"யா...னை... ஒன்...று..." கரும்புத் தோட்டத்துக்கு ஒரு யானை வருது. ஒவ்வொரு சொல்லா வருது. முதல்ல கொஞ்சப் பேரு கிசுகிசுத்தாங்க. அப்புறம் அடங்கிட்டாங்க. ஏன்னா அந்த யானை அடுத்து என்ன செய்யும்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாதே. யானை கதவுகிட்ட வந்துச்சு. இசக்கி மூச்சு வாங்கினா. கதவைத் திறந்துச்சு. அட்டை ஒரு வரி கீழ இறங்குச்சு. கரும்பைத் தின்னுச்சு. பிள்ளைங்கெல்லாம் முன்னால சாஞ்சுட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய சுத்தியல் ஓங்கினபடியே நின்னுச்சு. மத்த வகுப்புப் பிள்ளைங்க, இன்டர்வெல் மணிக்கு என்னாச்சுன்னு எட்டிப் பாத்தாங்க.

"போ...கும்...போது... கத...வை... சாத்...தி... விட்டு...ப்... போ...னது."

கொல்லுன்னு சிரிப்பு. ஆனா இது வேற சிரிப்பு, யானையைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு. இசக்கியும் சிரிச்சா.

அப்பத்தான், டங்.

பெரிய சார் ஜன்னல் வழியா தலையை நீட்டினாரு. "பிள்ளை மணிக்குள்ள முடிச்சுட்டா, டீச்சர். அந்தக் கடைசி பெஞ்சைத் தூக்கி வெளிய போடச் சொல்லுங்க."

அந்த ஆமை பெஞ்சு இப்ப வேப்பமரத்தடியில கிடக்கு. அது மேல தண்ணிப்பானை.

அப்ப ஆட்டை யாரு மேய்ச்சா?

அம்மாதான். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் அம்மா வாசல்ல வந்து நின்னா. முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு, மெதுவாக் கேட்டா: "டீச்சர், அந்த அட்டையில எனக்கும் ஒன்னு வெட்டித் தருவியளா?"

டீச்சர் கத்திரியைத் தேடினாங்க. கறுக் கறுக்.

ம்...

யானையும் போயிருச்சு, கதவையும் சாத்திருச்சு. நீ கண்ணைச் சாத்து.