ஃபயர்வாலுக்குப் பூஜை போட்ட நாள்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் சிவகாசியின் அந்தக் காலண்டர் அச்சகத்தில் நிறையப் பேர். சிரித்துச் சிரித்து அவர்களுக்கே அலுத்துவிட்டது.

சீடர் பெயர் தங்கப்பழம். அச்சு இயந்திரத்துக்குப் பிளேட் போடும் வேலைக்கு வந்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பக்கம் தள்ளிவிடப்பட்டு, இப்போது சர்வர் அறைக்குப் பொறுப்பாளர். குரு ஜெசிந்தா. மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து, வெளியாள் சர்வருக்குள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வாலைச் சரிபார்த்துவிட்டுப் போகிறவர். அவர் சொல்வதையெல்லாம் தங்கப்பழம் நாலு வருஷமாக நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வருகிறார்.

இந்த முறை ஜெசிந்தாவை அவசரமாக வரச் சொல்லியிருந்தார்கள். ஆடிப்பெருக்குக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அன்றைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தை வெளியே விடுவார்கள். அதுவரை படங்கள் பூட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் இந்த அச்சகத்தின் நாற்பது படங்களும் போன வாரமே வேறொருவருடைய ஆல்பத்தில் வந்துவிட்டன. ஒரு முருகன் படத்தில் மயிலுக்கு ஒரு கால் வரைய விட்டுப்போயிருந்தது. அந்த ஒற்றைக்கால் மயிலும் அப்படியே வந்திருந்தது.

யார் செய்த தப்பு என்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் தெரிய வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். தங்கப்பழம் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் இன்றோடு கணக்கு முடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஜெசிந்தா காலை முழுக்க சர்வரின் பதிவுகளைப் பார்த்தார். மத்தியானம் டிசைன் பிரிவில் போய் டீ குடித்தார். மூன்று மணிக்கு சர்வர் அறைக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். அந்த மாதத்தில் இது அவருக்கு நாலாவது கம்பெனி. நாலிலும் பயந்துபோன இதே முகங்களைத்தான் பார்த்திருந்தார்.

தங்கப்பழம் நோட்டைத் திறந்தார்.

"மேடம், நம்ம ஃபயர்வாலை விடப் பலமானது இருக்கா?"

"இருக்கு, அண்ணாச்சி."

"அதை விட?"

"அதுவும் இருக்கு."

"எதைப் போட்டா ஒருத்தனும் உள்ள வர முடியாதோ, அதை மட்டும் சொல்லுங்க. முதலாளி கால்ல விழுந்தாவது வாங்க வைக்கேன். நாலு நாளாத் தூக்கமில்ல. உடம்பே விட்டுப்போச்சு."

ஜெசிந்தா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"வாசிங்க."

தங்கப்பழம் விரலை வைத்து வாசித்தார். ஜூன் இருபத்தொன்று, பகல் மூன்று பத்து. வெளியூர்க் கம்ப்யூட்டர் ஒன்று உள்ளே வந்திருக்கிறது. பாஸ்வேர்டு முதல் தடவையே சரி. ஃபைல்களின் பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணும் முதல் தடவையே சரி.

"அப்ப எதையும் உடைக்கலையா?"

"உடைக்க என்ன இருக்கு? பாஸ்வேர்டு சரியாச் சொன்னா ஃபயர்வால் வழி விடத்தான் செய்யும்."

"யார் குடுத்தா அவனுக்கு?"

ஜெசிந்தா தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். சித்திரை முதல் நாள் எடுத்தது. புது ஃபயர்வால் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் மல்லிகை. முன்னால் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம். பழத்துக்குப் பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு தாள். அதில் பாஸ்வேர்டும் ரகசிய எண்ணும் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தன.

"தாளைத் தட்டுல வச்சது யாரு?"

தங்கப்பழம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சாமி பாதத்துல வச்சு எடுத்துதான் பீரோவுல வைக்கணும்னு... நான்தான் வச்சேன்."

"படம் எடுத்தது?"

"சங்கரேஸ்வரி. டிசைன்ல இருக்கே, அந்தப் பிள்ளை."

"அவங்கதான் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டிருக்காங்க. ஏஜெண்டுங்க, கடைக்காரங்க, இருநூறு பேர் பார்த்திருக்காங்க. யாரோ ஒருத்தர் எடுத்து வச்சுக்கிட்டு, காலண்டர் படம் எல்லாம் வரைஞ்சு முடியட்டும்னு காத்திருந்திருக்காங்க."

தங்கப்பழத்துக்கு மூச்சு வந்தது. ஐந்து மணிக்குக் கொடுக்க ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதி கேவலமானது என்று அவருக்கே உறைத்தது. உறைத்தும் அது போகவில்லை.

"வெளிய விட்டது அந்தப் பிள்ளைதானே, மேடம்?"

"அன்னைக்குச் சாயங்காலமே கவனிச்சிருக்காங்க, தாள்ல எழுத்து தெரியுதேன்னு. உடனே ஸ்டேட்டஸை எடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்றதுக்கும் வந்திருக்காங்க."

"எங்கிட்டயா? வரவே இல்லையே."

"கதவு வரைக்கும் வந்திருக்காங்க."

தங்கப்பழம் கதவைப் பார்த்தார். பூஜை அன்று காலையில் அவரே ஒட்டிய அறிவிப்பு அதன் வெளிப்பக்கம் இருந்தது. பாதுகாப்பு விதியை மீறுகிறவர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார். கிழியாமல் இருக்க லேமினேஷன் போட்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டையும் மாத்தியிருப்பேனே! அரை மணி நேர வேலை."

"இருபது நிமிஷம்," என்றார் ஜெசிந்தா.

"வாயைத் திறக்காம இருந்துட்டாளே. ஒரு வார்த்தை, மேடம். ஒரே ஒரு வார்த்தை."

ஜெசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மாடிக்குப் போங்க அண்ணாச்சி. தாளைத் தட்டுல வச்சது நான்தான்னு முதலாளிகிட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் எந்த ஃபயர்வால் வாங்கலாம்னு பேசுவோம்."

தங்கப்பழம் போனார்.

முதலாளியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரையோ ஃபோனில் திட்டும் சத்தம் கேட்டது. தங்கப்பழம் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். இருபத்தொன்பது வருஷ வேலை. ஆவணியில் சின்ன மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, இதே அச்சகத்தில். கை தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே திட்டு நின்றது. காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது. தங்கப்பழம் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

ஜெசிந்தா கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

"சொல்லிட்டீங்களா?"

"ஃபோன்ல இருந்தாக. ரொம்பக் கோவமா வேற இருக்காக." தங்கப்பழம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. "அஞ்சு மணிக்கு இப்போதைக்கு அந்தப் பிள்ளை பேரை மட்டும் குடுப்போம், மேடம். நான் மறைக்கப் போறதில்ல. அவுக கோவம் ஆறட்டும். நாளைக்குப் பக்குவமாச் சொல்லிக்கிடலாம்."

ஜெசிந்தா கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது.

"சங்கரேஸ்வரியும் இதையேதான் சொன்னாங்க, அண்ணாச்சி. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு மூணு மாசம் ஓடிப்போச்சாம்."