இருவாச்சி போடாத வழக்கு

"தீர்ப்பு என் பக்கம்தான் வந்துச்சு. அதுக்குள்ள கிழங்கெல்லாம் அழுகிப் போச்சு!" என்று ஒரு காட்டுப்பன்றி இன்னொரு பன்றியிடம் சொல்லிக்கொண்டே போனது.

மேலே கிளையில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஆண் இருவாச்சிப் பறவையின் காதில் அது விழுந்தது. அதுவும் சிங்கராஜாவின் மன்றத்தில் வழக்குப் போடத்தான் புறப்பட்டிருந்தது.

இருவாச்சியின் மனைவி முட்டையிட்டு, மரப்பொந்துக்குள் இருந்தபடியே வாசலை மண்பூசி அடைத்திருந்தது. அலகு நீட்ட ஒரு பிளவு மட்டும்தான். குஞ்சுகள் வளரும்வரை கணவன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. அது இருவாச்சிகளின் வழக்கம். அந்தக் கோடையில் பழுத்திருந்ததோ ஒரே ஓர் அத்திமரம். அங்கே குடியிருந்த தாய்க்குரங்கு, இருவாச்சியைக் கண்டாலே கிளையை உலுக்கி விரட்டியது. நேற்றிலிருந்து பொந்துக்குள் பட்டினி.

வழக்கு முடியும்வரை, வழக்கில் சிக்கிய மரத்தையோ கிழங்கையோ யாரும் தொடக் கூடாது என்பது மன்றத்தின் சட்டம்.

"தீர்ப்பு வரும்வரை அவள் உயிரோடு இருப்பாளா?" என்று இருவாச்சி நினைத்தது. உடனே திரும்பியது. அத்திமரத்துக்கு எதிரே ஒரு பலாமரத்தில் போய் உட்கார்ந்தது.

"என்ன, மன்றத்துக்குப் போறேன்னு குதிச்சியே! ராஜா துரத்திட்டாரா?" என்று குரங்கு கேலி செய்தது.

"நான்தான் திரும்பிட்டேன் அக்கா. கிளியை விடறீங்க, புறாவை விடறீங்க. என்னை மட்டும் ஏன் விரட்டறீங்க?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? நீ சிறகடிச்சு வர்ற சத்தம் புயல் மாதிரி இருக்கு! போன வாரம் இருட்டோட வந்தியே, என் குட்டி தூக்கத்துல பதறிக் கீழே விழுந்துட்டா. நடுவுல ஒரு கொடி இல்லேன்னா..." குரங்கு குட்டியை இறுக்கிக்கொண்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா. சத்தமில்லாம பறக்க எங்களால முடியாது. ஆனா தூரத்துலயே குரல் கொடுக்கறேன். நீங்க குட்டியைப் பிடிச்சுக்கிட்ட பிறகு வர்றேன்."

"விடியறதுக்கு முன்னாடி வரக் கூடாது!"

"வரமாட்டேன்."

"கீழ்க்கிளைப் பழம் என் குட்டிக்கு!"

"மேல்கிளையே போதும். வீட்டுல அவ நேத்திலேருந்து பட்டினி."

"பட்டினியா? அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன!"

குரங்கு குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டது. இருவாச்சி வாய் நிறையப் பழங்களை எடுத்துக்கொண்டு பறந்துபோய், பொந்தின் பிளவு வழியே ஒவ்வொன்றாக ஊட்டியது.

வழக்கை மன்றத்துக்குக் கொண்டுபோகும் முன், எதிராளிக்கு என்ன வருத்தம் என்று நேரில் கேட்டுவிட்டால் பல சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.